வெள்ளைப் பின்னணி

அமெரிக்காவுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலம்.
கனடாவில் குடியேற ஐம்பதுக்கு எழுபது மில்லிமீட்டர்.
ஜெர்மனிக்கு முகம் பெரிதாக விழ வேண்டும்,
தாடை சட்டத்தை நெருங்க.
காது தெரியணும். கண்ணாடியைக் கழற்றுங்க.
சிரிக்காதீங்க.

பதினோரு வருஷமாக இதைச் சொல்கிறேன்,
ஆற்காடு சாலையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே,
எட்டடிக்கு ஆறடி ஸ்டூடியோவில்.
மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து
வெள்ளைத் திரையை நாளுக்கு இரண்டு தடவை துடைக்கிறேன்.
தூசு படிந்த பின்னணியை
எந்தத் தூதரகமும் ஏற்பதில்லை.

சிரிக்காதீங்க என்றால்
யாருக்கும் பெரிய சிரமம் இருப்பதில்லை.

தியோடர் என்று ஒருவர், பெரம்பூர்க்காரர்.
முதலில் துபாய்.
இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து சிங்கப்பூர்.
அப்புறம் நியூசிலாந்து.
"அங்க ஆடு அதிகம், மனுஷன் கம்மி,
அதான் சார் எனக்குச் சரிப்படும்" என்றார்.
அவர் போனபின் மூன்று படத்தையும்
கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்.
முடி பின்வாங்கியிருந்தது, அவ்வளவுதான்.
கண்ணுக்குக் கீழே அதே நிழல்;
விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தியும் போகாத நிழல்.

டீக்கடையில் சொன்னேன்:
"எங்க போனாலும் மூஞ்சியைக் கூடத்தானே எடுத்துட்டுப் போறான்."
மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திச் சிரித்தார்.
எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது.
பலரிடம் சொன்னேன்.
அதிகம் சொன்னது, போக நினைத்துப் போகாத என்னிடம்.

நிறைமதி வந்தது ஒரு மே மாதத்தில்.
நர்ஸ். சாலிகிராமத்தில் வீடு.
அந்த வெயிலில் முழுக்கை, கழுத்துவரை பொத்தான்.
காது தெரியணும் என்றேன்.
முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிய இடத்தில்
பச்சையும் மஞ்சளுமாக ஒரு தடம்.
"இதை அழிக்க முடியுமா சார்?"
அழித்தால் படம் நிராகரிக்கப்படும் என்றேன்.
விதி அது. ஆனாலும்
அன்றைக்கு அதைச் சொன்ன என் வாய்
ராத்திரிவரை கசந்தது.
பத்து நாள் கழித்து வந்தாள்.
காது சுத்தமாக இருந்தது.
எடுத்தேன். ஆறு பிரதி, நூற்றைம்பது ரூபாய்.

இரண்டு வருஷம் கழித்து
அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், விசிட் விசாவுக்கு.
அரைக்கை சட்டை. காதோரம் வெட்டிவிட்ட முடி.
என் பின்னால் நின்றுகொண்டு
"அம்மா, சிரிக்காதே, சிரிக்காதேன்னு சொல்றேன்ல" என்று
அவளே சிரித்துக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.
நாலாவது தடவைதான் படம் சரியாக வந்தது.

அங்க எப்படிம்மா இருக்கு, என்றேன்.
என் வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.
"குளிர் சார். வேலை முதுகை ஒடிக்குது.
ஞாயித்துக்கிழமை யாரும் பேசக்கூட மாட்டாங்க."
பில்லை மடித்துப் பையில் வைத்தாள்.
"ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கு சார்.
உள்பக்கம்."

என் வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

சில துயரத்துக்குக் கதவு எண் இருக்கிறது, பின்கோடு இருக்கிறது.
வீட்டை விட்டுக் கிளம்பினால்
அது வாசலோடு நின்றுவிடும் போலிருக்கிறது.
தியோடருடையது அப்படியில்லை.
என்னுடையது எது என்று
இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட
விளக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன்.
பத்து விநாடி டைமர்.
மஞ்சள் கட்டம் முகத்தைத் தேடித்
தோளில் நின்றது, நழுவியது, பிறகு பிடித்தது.
சிரிக்காதே என்று சொல்ல ஆளில்லை.
பிளாஷ்.

வெட்டப் போனால் மென்பொருள் கேட்கிறது:
எந்த நாடு?
அகர வரிசையில் ஒரு நீளப் பட்டியல்.
வெளியே ஜேசிபி பின்வாங்கும் பீப் பீப்.
கடைசிவரை உருட்டிப்போய்
மறுபடி மேலே வருகிறேன்.